எட்டு வினாடி

வழி இருக்கிறதுங்க சார். நீங்கள் கேட்கிற மாதிரி செய்ய வழி இருக்கிறது. போனில் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறவர்களை, குரலைப் பதிகிற மெஷினே கழித்துவிடும். பெட்டியில் சேராது. காலையில் வந்து நாற்பது ஹலோவைக் கேட்டுக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும். இத்தனை வினாடிக்குக் குறைவாகப் பேசினால் அது பேச்சே இல்லை, தூக்கிப் போட்டுவிடு என்று மெஷினுக்குச் சொல்லிவிடலாம். இந்த ஈரோட்டில் அதை முதலில் செய்தவன் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். டீ சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மில்லுக்கு வந்து அதைச் செய்வதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். நியாயம் தெரிந்தவர். ஒரு மனுஷன் பேசியிருக்கிறான். பேசினான் என்பதற்கு ஒரே ஒரு காகிதம்தான் சாட்சி. அது இன்னொருத்தனுடைய மேஜை டிராயரில் கிடக்கிறது. அந்த மனுஷன் பேசவே இல்லை, பொய் சொல்கிறான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அவனைக் கட்டினவளும் முடிவு செய்துவிட்டாள். டிராயர்க்காரன் பொய் எதுவும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு உள்ளதைத்தான் சொன்னான். அவன் மேல் குற்றம் உண்டா?

இல்லை, உடனே சொல்ல வேண்டாம். முழுக்கக் கேளுங்கள்.

ஐந்து வருஷம் ஆகிறது. ஒரு மஞ்சள் மண்டி, பெயர் வேண்டாம். பெரிய இடம். அவர்கள் ஆபீஸ் எக்ஸ்சேஞ்சை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை இருபத்தெட்டு எக்ஸ்டென்ஷன். மேனேஜர் துரைசாமி சென்னைக்குப் போனபோது எங்கோ வாய்ஸ்மெயிலைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சும்மா இருப்பாரா? "வையாபுரி, நம்முளுக்கும் அது வேணும்" என்றார். ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் ஒரு கார்டு, எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலு லைன். வேலை அவ்வளவுதான். நாலு தடவை மணி அடித்தும் யாரும் எடுக்காவிட்டால் எக்ஸ்சேஞ்ச் அந்த அழைப்பை மெஷின் பக்கம் தள்ளிவிடும். தள்ளும்போதே இன்னாரைத் தேடி வந்தது என்று அவர் எண்ணையும் தட்டிக் காட்டிவிடும். மெஷின் எடுத்து, சொல்லுங்கள் என்று கேட்டு, சொன்னதை வாங்கி அவருடைய பெட்டியில் போட்டு வைக்கும்.

ஒயர் சொருகுவது ஒரு மணி நேரம். மீதி மூன்று நாள் எதற்கு ஆயிற்று தெரியுமா? போனை வைத்துவிட்டார் என்பதை மெஷினுக்குப் புரியவைப்பதற்கு. உங்களுக்கும் எனக்கும் டொக்கென்று கேட்டால் தெரிகிறது. அது வெளிநாட்டு மெஷின். நம் எக்ஸ்சேஞ்சின் எங்கேஜ் சத்தம் அதற்குப் பழக்கமில்லை. யாரோ பெரிய மனுஷர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து இரண்டு நிமிஷம் அந்த எங்கேஜ் சத்தத்தையே மரியாதையாகப் பதிவு பண்ணி வைத்திருக்கும். சத்தத்தை அளந்து, இடைவெளியை அளந்து, மறுபடி மறுபடி போட்டுக் காட்டி, மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. இப்போது நினைத்தால், மூன்று நாள் உட்கார்ந்து பேச்சு எங்கே முடிகிறது என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தேன். பேச்சு என்றால் எது என்பதை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டேன். அது பிறகு வருகிறது.

குரலும் என் குரல்தான். பெண் குரல் போடலாம் என்றேன். துரைசாமி ஒத்துக்கொள்ளவில்லை. "பொம்பளக் குரல் போட்டா நம்ம ஏவாரிங்க அதுகூடவே பேசிக்கிட்டு நின்னுருவாங்க. நீயே பேசு" என்றார். ஒன்பது தடவை பேசிப் பார்த்துப் பதிவு செய்தோம். "வணக்கம். நீங்கள் அழைத்தவர் இப்போது இடத்தில் இல்லை. சத்தம் கேட்டதும் உங்கள் செய்தியைச் சொல்லவும்." இப்போதும் அப்படியே சொல்ல வருகிறது பாருங்கள்.

முதல் வாரம் பெட்டியைத் திறந்து கேட்டால் சிரிப்பாக இருந்தது. "ஹலோ... ஏனுங்க... ஹலோ?" டொக். "எவனோ சொல்லு சொல்லுங்கறான், ஆளக் காணோம்." டொக். கோபிசெட்டிபாளையத்து விவசாயி ஒருத்தர் மெஷினோடு சண்டையே போட்டிருந்தார். "நீ முதல்ல சொல்லுய்யா, இன்னிக்கு என்ன வெலை?" டொக். நம் ஜனத்துக்கு எதிரில் ஆள் இருக்க வேண்டும் சார். ம் கொட்டுகிறதற்காவது ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் வாய் வராது.

துரைசாமி ஒரு வாரம் பொறுத்தார். எட்டாம் நாள் கூப்பிட்டார். "இந்த ஹலோவையெல்லாம் கேக்கறதுக்கா இதை வாங்குனோம்? கழிச்சு உடு. பத்து வினாடிக்குக் கொறஞ்சதெல்லாம் வேண்டாம்." நான்தான் சொன்னேன், பத்து அதிகமுங்க என்று. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அங்கே இருந்த நாற்பது ஹலோவையும் அளந்தேன். நீளமானது ஏழு. அதனால் எட்டு. எட்டு வினாடிக்குக் குறைந்தால் கழி. பத்தை எட்டாகக் குறைத்தவன் நான். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நாச்சிமுத்து. என் தங்கை மயிலாத்தாளின் வீட்டுக்காரர். எனக்கு மாப்பிள்ளை முறை. அந்த மண்டியின் குடோனில் காவல் வேலை நான் சொல்லித்தான் கொடுத்தார்கள். குடோன் ஆபீசிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர், பள்ளத்தை ஒட்டி. எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம், தெரியுமே. அங்கே ஒரு போன். தனி போன் இல்லை, ஆபீஸ் எக்ஸ்சேஞ்சின் கடைசி எக்ஸ்டென்ஷன், முப்பத்தெட்டு. டெலிபோன் இலாகாவிடம் வாடகைக்கு எடுத்த ஒயர் வழியாக வருகிறது. அதிலிருந்து ஆபீசுக்குள் இருக்கிற எண்களைக் கூப்பிடலாம். வெளியே பேச முடியாது.

மாப்பிள்ளை பேசுகிற ஆள் இல்லை. ஊமை என்று சொல்லவில்லை. ஒருமுறை சொன்னால் சொன்னதுதான், இரண்டாவது முறை வராது. பெண் பார்க்க வந்த அன்று, பெண் பிடித்திருக்கிறதா என்று எங்கள் பெரியப்பா கேட்டார். "ம்" என்றார். பெரியப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "வாயத் தொறந்து சொல்லப்பா" என்றார். "சொல்லிட்டனுங்களே" என்றார் இவர். சபையே சிரித்தது. மயிலா அதைச் சொல்லிச் சொல்லி அவரைக் கேலி செய்வாள். "ரெண்டாவது தடவை கேட்டிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பாரு, நான் தப்பிச்சிருப்பேன்" என்பாள். அப்போதெல்லாம் நன்றாக இருந்தார்கள்.

குடோனிலிருந்து அவர் போன் பண்ணினால் ஒரு மூச்சுதான். "லாரி வந்துருச்சுங்க." டொக். "கரண்ட் போயிருச்சுங்க." டொக். துரைசாமிக்கு அது ரொம்பப் பிடிக்கும். "பேசுனா நாச்சிமுத்து மாதிரிப் பேசோணும்" என்று ஆபீசில் எல்லோரிடமும் சொல்வார்.

மெஷின் வைத்த மறுநாள் நானே குடோனுக்குப் போய் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். "மாப்பிள்ளை, இனிமே யாரும் எடுக்கலைன்னா என் குரல் வரும். பயப்பட வேண்டாம். ஹலோ ஹலோன்னு கத்த வேண்டாம். சத்தம் கேட்டதும் விஷயத்தைச் சொல்லிட்டு வெச்சுருங்க, அவ்வளவுதான்." தலையை ஆட்டினார். யோசித்துப் பார்த்தால் அந்த மண்டியில் மெஷினோடு ஒழுங்காகப் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லாரும் ஹலோ கோஷ்டி. எட்டு வினாடி போட்டபோது அவர் நினைவு எனக்கு வந்ததா? வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின நாளே மழை. தீபாவளியன்றும் விடவில்லை. ஆபீஸ் மூன்று நாள் லீவு. நாச்சிமுத்து குடோனில். பண்டிகை நாளில் காவலை விட்டு எப்படி வருவது? மயிலா பலகாரத்தைத் தனியே எடுத்து வைத்திருந்தாள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் பள்ளத்துத் தண்ணீர் குடோனுக்குள் வந்துவிட்டது. எவ்வளவு மூட்டை, என்ன நஷ்டம் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். அடியில் இருந்த மஞ்சள் பூராவும் போயிற்று.

மறுநாள் காலையில் தண்ணீர் வடிந்த பிறகு துரைசாமி ஆட்களோடு போய்க் கதவைத் திறந்தார். உள்ளே உயரமாக அடுக்கியிருந்த மூட்டைகளின் மேல் நாச்சிமுத்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அத்தனை பேரும் பார்த்தார்கள். தண்ணீருக்கு மேலே நூறு மூட்டைக்குக் குறையாமல் பலகை போட்டு ஏற்றியிருந்தது. ஒற்றை ஆளாக அவர்தான் ஏற்றியிருக்க வேண்டும். அதை யாரும் பார்க்கவில்லை. தூக்கத்தைத்தான் பார்த்தார்கள். பண்டிகைக்குக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டான் என்று பேச்சு.

"ஏன்டா கூப்புடலை?" என்று கேட்டிருக்கிறார் துரைசாமி.

"கூப்புட்டனுங்க. சொன்னனுங்க."

"யார்கிட்டச் சொன்னே?"

"போன்ல சொன்னனுங்க."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு ஆள் வந்தது. ஓடினேன். ஆபீசில் கம்ப்யூட்டரைத் திறந்து எல்லாப் பெட்டியையும் பார்த்தேன். மேனேஜர் பெட்டி, முதலாளி பெட்டி, கணக்கர் பெட்டி, எல்லாம் காலி. அப்புறம் இன்னொரு இடம் இருக்கிறது. வந்த ஒவ்வோர் அழைப்புக்கும் மெஷின் ஒரு வரி எழுதிவைக்கும். எந்த நேரம், எந்த எக்ஸ்டென்ஷன், எத்தனை வினாடி, என்ன ஆயிற்று. அது எனக்கு மட்டும்தான் தெரியும், கடவுச்சொல் போட்டுத் திறக்க வேண்டும். திறந்தேன்.

முப்பத்தெட்டு. மத்தியானம் பன்னிரண்டே முக்கால். நாலு வினாடி. கழிக்கப்பட்டது.

முப்பத்தெட்டு. பன்னிரண்டு ஐம்பது. ஐந்து வினாடி. கழிக்கப்பட்டது.

முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு என்று வரிசையாக இறங்குகிறது சார். பதினோரு வரி. சாயங்காலம் நாலு மணி வரைக்கும். மேனேஜர் அறை, முதலாளி அறை, கணக்கர், ஸ்டோர், ஒரு அறை விடவில்லை. எல்லாம் நாலு, ஐந்து, நாலு. ஒன்று ஆறு. ஆறுதான் அதிகம். குரல் இல்லை, கழித்தால் குரலை வைத்துக்கொள்ளாது. வரி மட்டும்தான் இருக்கும்.

மெஷின் இல்லாத காலமாக இருந்தால் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கும். ஆபீஸ் வாசலில் காவலுக்கு ஒருத்தர் உண்டு, யாரடா இந்நேரத்தில் என்று எழுந்து போய் எடுத்திருப்பார். மெஷின் வந்த பிறகு நாலு தடவை அடிப்பதோடு சரி. நாலோடு நான் எடுத்துவிடுகிறேன். அதாவது, என் குரல்.

வீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தை வைத்து நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். "தண்ணி உள்ள வருதுங்க. ஆள் அனுப்புங்க." நாலு வினாடி. "சீக்கிரம்" என்று சேர்த்தால் ஐந்து. "நாச்சிமுத்து பேசறனுங்க, குடோன்ல இருந்து பேசறனுங்க" என்று முன்னால் ஒரு வார்த்தை போட்டிருந்தால் எட்டரை வரும். சேர்ந்திருக்கும். எல்லாரும் போனை எடுத்தால் பெயர் சொல்கிறார்களா இல்லையா? கொஞ்சம் வளவளக்கிற ஆளாக இருந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கதையே இல்லை. இப்படியும் யோசிக்கிறேன். வேறு மாதிரியும் யோசிக்கிறேன்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே குடோனுக்குப் போனேன். காட்டத்தான் போனேன். இதைச் சத்தியமாகச் சொல்வேன்.

போய்ப் பார்த்தால் குடோன் வாசல் வேப்பமரத்தடியில் எல்லாரும் நிற்கிறார்கள். அங்கே ஒரு மாகாளியம்மன் உண்டு. முதலாளி வந்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. மூட்டை தூக்குகிற ஆட்கள் முப்பது பேர் சுற்றி நின்றார்கள். ஈர மஞ்சள் வாடை அதுவரைக்கும் அடித்தது. துரைசாமி என்னைப் பார்த்ததும் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"வையாபுரி, உன்ற மெஷின்ல பெட்டியெல்லாம் பாத்தியா? ஏதாச்சும் இருக்குதா?"

அவர் கேட்டது அதுதான் சார். பெட்டியில் ஏதாவது இருக்கிறதா என்று. ஆள் கூப்பிட்டானா என்று கேட்கவில்லை.

"பாத்தனுங்க. பெட்டியில ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

உண்மை. நூற்றுக்கு நூறு உண்மை. சில சமயம் தோன்றுகிறது, அவர் வேண்டுமென்றே அப்படிக் கேட்டாரோ என்று. எட்டு வினாடி விஷயம் அவருக்கும் தெரியுமே? பத்து என்று சொன்னவரே அவர்தானே? அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் என் சட்டைப்பையைப் பார்த்த மாதிரி இருந்தது. இல்லை, அது என் நினைப்பாக இருக்கலாம்.

முதலாளி ஒரு கற்பூரத்தை எடுத்துப் பீடத்தின் மேல் வைத்துக் கொளுத்தினார். "ஏப்பா நாச்சிமுத்து, மஞ்சள் போனது போகட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆத்தா முன்னாடி இந்தக் கற்பூரத்தை அணைச்சுச் சொல்லு, போன் பண்ணுனேன்னு. நாளைக்கும் நீ வேலைக்கு வரலாம்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. நியாயமான வழிதானே? எங்கள் பக்கம் எத்தனை வழக்கு அப்படித் தீர்ந்திருக்கிறது. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தவனை அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள். இவர் பேசியது நிஜம், சத்தியம் பண்ணினால் அம்மனும் ஒன்றும் செய்யாது. காகிதம் பையிலேயே இருக்கலாம். யாருக்கும் சேதமில்லை.

நாச்சிமுத்து கற்பூரத்தைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார்.

"ஒருக்காச் சொல்லியாச்சுங்க" என்றார்.

"அதைத்தான்ப்பா சாமி முன்னாடி சொல்லுன்னு சொல்றேன்."

நாச்சிமுத்து திரும்பிக்கொண்டார். தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டார். கற்பூரம் தானாகவே எரிந்து அணைந்தது. முப்பது பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். "பொய்யில்லீன்னா அணைக்கறதுக்கு என்ன?" என்று ஒருத்தன் சொன்னான். அதுதான் தீர்ப்பு.

அந்த நேரத்தில் காகிதத்தை எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் அடுத்த கேள்வி என்ன? எட்டு வினாடி யார் போட்டது? துரைசாமி எனக்குத் தெரியாது என்பார். வையாபுரி வைத்த மெஷின் கூப்பிட்ட ஆளையே தூக்கிப் போட்டுவிட்டது என்று மறுநாள் ஈரோடு முழுக்கப் பேச்சு. அதற்கப்புறம் யார் என்னைக் கூப்பிடுவார்கள்? என் பிழைப்பை விடுங்கள், அது கூட இல்லை. அவர் சத்தியம் பண்ணிவிடுவார் என்று நம்பினேன் சார். நம்பினது தப்பா? அவர் பண்ணவில்லை. அது எப்படி என் தலையில் வரும்? அன்று சாயங்காலமே ஆபீசுக்குப் போய் எட்டை எடுத்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். என்னால் முடிந்ததைச் செய்தேன்.

மயிலா என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றுகொண்டே கேட்டாள். "அண்ணா, மெஷினு நீ வெச்சது. நீ எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டே. அவரு பேசுனாரா இல்லையா?"

"பெட்டியில ஒண்ணும் இல்ல மயிலா."

"தூங்கித்தான் போயிருக்காரு. தூங்கிட்டேன்னு சொல்லிட்டாத்தான் என்ன? நான் கொன்னா போட்டுருவேன்? எங்கிட்ட எதுக்குப் பொய்?" என்றாள். தூங்கினது அவளுக்குப் பெரிசில்லை. பொய்தான். அதிலும், நாலு வார்த்தை பேசுகிற மனுஷன் அந்த நாலிலும் ஒன்றைப் பொய்யாகச் சொல்லிவிட்டானே என்று.

பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவரிடமும் கேட்டிருக்கிறாள். "சொல்லிட்டேன் மயிலா" என்றாராம். அப்புறம் ஒரே வீட்டில் பதினோரு மாசம் இருவருக்கும் பேச்சில்லை. அவரிடம் பேச்சில்லை என்றால் யாருக்கு வித்தியாசம் தெரியும் என்று எங்கள் சொந்தத்தில் ஒருத்தர் கிண்டல் செய்தார். நான் சிரிக்கவில்லை. பன்னிரண்டாம் மாசம் அவர் காங்கேயத்தில் ஒரு ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டார். போனவர் வரவில்லை. மயிலாவையும் பெண் கோகிலாவையும் நான் என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றுவரை ஒரு குறை வைக்கவில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

டீயைக் குடியுங்கள், ஆறுகிறது.

போன ஆவணியில் கோகிலாவுக்கு இடம் பேசி முடித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு காங்கேயம் போனேன். மில் களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். நல்ல வெயில். என்னைப் பார்த்து, "வாங்க மச்சான்" என்றார். கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். நான் காகிதத்தை விரித்து அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு வினாடி, பதினோரு வரி, ஒன்று விடவில்லை. "நீங்க பேசுனது நிசம் மாப்பிள்ளை. இதா சாட்சி" என்றேன்.

விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். முப்பத்தெட்டு என்பது அவருக்குத் தெரிகிறது.

"மயிலாகிட்டக் காட்டுனீங்களா?"

"இல்ல மாப்பிள்ளை. முதல்ல உங்ககிட்டத்தான்."

காகிதத்திலிருந்து விரலை எடுத்தார். அப்புறம் சொன்னார். "எனக்கு எதுக்குங்க மச்சான் இது? நான் பேசுனது எனக்குத் தெரியாதுங்களா?"

நான் காகிதத்தை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினேன்.

"உங்க குரலுதானுங்களே சொல்லச் சொல்லுச்சு. பதினோரு தடவையும் உங்ககிட்டத்தான் சொன்னேன்" என்றார்.

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் சட்டைப்பையில் அவரே வைத்தார். "பாப்பாவுக்கு எப்பக் கல்யாணம்?" என்றார். தை கடைசி முகூர்த்தம் என்றேன். "ம்" என்றார். நெல்லைக் கிளறப் போய்விட்டார்.

ஒரு கோபம் இல்லைங்க சார். ஒரு ஏச்சு இல்லை. அந்த மாதிரி மனசு யாருக்கு வரும்? பஸ்ஸில் வரும்போது எனக்குப் பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அவரே மன்னித்துவிட்டார் என்றால் அப்புறம் என்ன? அப்படித்தானே எடுத்துக்கொள்ள வேண்டும்? வேறு மாதிரி எடுத்துக்கொள்ள அதில் ஏதாவது இருக்கிறதா?

நான் மறைக்கிற ஆள் இல்லை. பெருந்துறையில் ஒரு பள்ளிக்கூடத்துத் தாளாளரிடம் சொல்லியிருக்கிறேன். பவானியில் மெஷின் வைத்த ஒரு டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். போன மாசம் சேலம் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கூடச் சொன்னேன், அவர் சங்ககிரியில் இறங்கிவிட்டார். இன்றைக்கு உங்களிடம். மறைக்கிறவன் இத்தனை பேரிடம் சொல்வானா?

மயிலாவிடமா? நீங்களும் அதையே கேட்கிறீர்கள். டாக்டரும் அதைத்தான் கேட்டார். அவளிடம் எப்படிச் சொல்வது சார்? ஐந்து வருஷம் அந்த மனுஷனைப் பொய்யன் என்று நினைத்துப் பேசாமல் இருந்திருக்கிறாள். இப்போது போய், அவர் சொன்னது நிஜம் என்றால் அவள் தாங்குவாளா? அந்தப் பாவம் தன்னுடையது என்று நினைத்துக்கொள்வாள். அவளுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன். எனக்காக இல்லை. எனக்காக இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் இப்போது ஒரு சங்கடம் வந்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் வேண்டாம் என்கிறாள் மயிலா. உயிரோடு இருக்கிற தகப்பன் பெயர் இல்லாமல் பத்திரிகையா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். "பெத்த புள்ள முன்னாடி பொய் சொன்னவரு பேரு என் புள்ள பத்திரிகையில வேண்டாம். எங்கண்ணன்தான் அவளுக்குத் தகப்பன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டாள். மணவறையில் அவர் நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்க வேண்டுமாம். கோகிலாவும் "மாமா, நீங்களே நில்லுங்க" என்கிறாள். அவர் பத்திரிகை போகாமல் வருகிறவர் இல்லை. முறையாகக் கூப்பிட்டால்தான் வருவார்.

அதனால் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். பத்திரிகை அச்சில் ஏறுவதற்குள் சொல்லிவிட்டால் பெயரைச் சேர்க்க ஒரு நிமிஷம். அச்சாபீசுக்குத்தான் போயிருக்கிறாள், மாதிரி வாங்கிக்கொண்டு இப்படியே வருவாள். வந்ததும் சொல்லிவிடுகிறேன். காகிதம் இதோ, இந்த டிராயரில்தான் இருக்கிறது. எடுத்து நீட்டினால் போதும், பேசக் கூட வேண்டாம். என்ன நினைக்கிறீர்கள்? சொல்லிவிடுவதுதானே முறை?

சொல்லிவிடுகிறேன்.

அதோ, அவள்தான். பச்சைச் சேலை.

வா மயிலா. நனையலையே? இவரு சென்னிமலைப் பக்கம் மில்லுல இருந்து வந்திருக்காரு, மெஷின் விஷயமா. அதெல்லாம் உனக்கு எதுக்கு, நீ உட்காரு. வாங்கிட்டு வந்துட்டியா? கொண்டா. கண்ணாடி எங்க வெச்சேன்... ம். நல்லாத்தான் போட்டிருக்கான். "எனது தங்கை மகள் திருநிறைச்செல்வி கோகிலா"ன்னு... ஆமா, "இரா. வையாபுரி"ன்னு பெரிய எழுத்துல போட்டிருக்கான். இவ்வளவு பெருசா எதுக்கு?

சார், நீங்கள் ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். நம் பேச்சு இன்னும் முடியவில்லை.

என்ன மயிலா? அச்சாபீசு ஆள் காத்துக்கிட்டிருக்கானா? சாயங்காலமே மெஷின்ல ஏத்தறானாமா? சரி. இரு, பாக்கறேன். பேரு ஏதாச்சும் விட்டுப் போயிருக்குதான்னா கேக்கறே? பாக்கறேன் இரு. பெரியப்பா இருக்காரு. அத்தை வீட்டுல எல்லாரும் இருக்காங்க. மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா ரெண்டு பேரும் இருக்காங்க. சின்னப் புள்ளைங்க பேரெல்லாம் அடியில வந்திருக்குது.

இல்ல மயிலா. யாரும் விட்டுப் போகலை. அடிக்கச் சொல்லிரு.